மலாக்காவுக்கு அனுப்பப்பட்டவர் என்ன ஆக்கள்?

ஒஸ்லோவின் ரொம்மனில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசந்தம் வந்ததும் எல்லோரும் கூடி முற்றம் கூட்டுவோம். டுக்னாட் என்பார்கள். அன்று கோப்பி குடிக்கும்போது மேல்மாடி நோர்வீஜியர், தன் பூட்டன் ஆடு திருடி சிறையில் விலங்கோடு கிடந்தவர் என்றார். துக்க வீட்டில் நிற்பதுபோல அவர் கையைப் பிடித்து, "கவலையாக இருக்கிறது" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் பதிவைத் தேடிப் பிடிக்கத் தான் பட்ட பாட்டைப் பெருமையாகச் சொன்னார். என்ன சனங்கள் இவர்கள் என்று முகம் சுளித்தபடி வீட்டுக்குப் போனேன்.

இலங்கையில் சண்டை ஓய்ந்திருந்த அந்தச் சமாதான காலத்தில்தான் என் தங்கையின் மகள் மதுராவுக்குத் துரொண்ட்ஹெய்ம் நகரத்துத் தமிழ்க் குடும்பமொன்றிலிருந்து சம்பந்தம் வந்தது. மதுரா ஒஸ்லோவில் பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தாள். பிரிட்டிஷ்காரர் இலங்கையிலிருந்து மலாக்காவுக்கு நாடு கடத்திய கைதிகளைப் பற்றி ஆய்வு. அந்தப் பதிவுகளின் பிரதிகளை என்னிடம் காட்டியிருந்தாள். பெயர், தகப்பன் பெயர், சாதி, உயரம், உடம்பிலுள்ள தழும்புகள். மாடு களவெடுத்த ஒருவரை, மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோலவே பார்த்து எழுதியிருந்தான் வெள்ளைக்காரன். அந்தக் கைதியின் ஊரும் தகப்பன் பெயரும் குடியிருந்த வளவின் பெயரும் எங்களுடையவை. அவர் எங்கள் முன்னோரில் ஒருவர்.

பியோர்ண்டாலில் தங்கை வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு விருந்து. மாப்பிள்ளையின் தகப்பன் படிப்பைப் பற்றிக் கேட்டார். மதுரா உற்சாகமாக எல்லாவற்றையும் சொன்னாள், மாட்டுக் களவையும் சேர்த்து. தங்கையின் முகம் செத்துப்போயிற்று.

மாப்பிள்ளையின் தகப்பனோ அசையவில்லை. "களவு கிடக்கட்டும் பிள்ளை. ஆள் என்ன ஆக்கள் எண்டு எழுதிக் கிடக்கோ?" சாதியைத்தான் கேட்டார்.

"ஓம், எழுதியிருக்கு. ஆனா நான் சொல்லமாட்டன்."

அவளுக்கும் அந்த மாப்பிள்ளைப் பெடியனைப் பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரியும். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லன் பிள்ளை, சொன்னா என்ன குறையப்போகுது?" என்று கெஞ்சிய தங்கை, பொறுக்கமாட்டாமல் தானே சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லை இங்கே எழுத எனக்குக் கை கூசுகிறது.

அது அவர்கள் எதிர்பார்த்த சொல்தான். தகப்பனின் முகம் மலர்ந்தது. "அப்ப எங்கடை ஆக்கள்தானே!" என்று இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டார். தங்கையும் சிரித்தாள். கடல் தாண்டி, உறைபனி தாண்டி, அகதியென்று பொலிஸ் நிலையத்தில் கைரேகை வைத்து வந்தவர்கள், அந்தக் கைதியிடம் வெள்ளைக்கார எழுத்தன் கேட்ட கேள்வியைப் பாயசத்தோடு கேட்கிறோம். அருவருப்பில் என் தட்டைத் தள்ளி வைத்தேன்.

மதுரா எழுந்தாள். "எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம்," என்று பெடியனைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள். நானும் பின்னாலே போனேன்.

அவள் ஜக்கெற்றைப் போட்டபடி கேட்டாள்: "மாமா, தன்னை ஊருக்குத் திரும்ப விடச்சொல்லி மலாக்காவிலயிருந்து அவர் மனுக் குடுத்திருக்கிறார். இதுக்கோ வரத் துடிச்சவர்?"

பதிலுக்கு நிற்காமல் படியிறங்கிவிட்டாள். அதே ஊருக்குப் போக ஆடி மாதத்துக்கு நான் டிக்கெற் எடுத்து வைத்திருந்தேன். உள்ளே அந்த ஊரின் கோயில் வீதியைப் பற்றிக் கதை சூடுபிடித்திருந்தது. தங்கை என்னைக் கூப்பிட்டாள். நான் ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் சப்பாத்தில்லாத வெறும் மேசுமாக வாசலில் நின்றேன்.