ஜெரால்டை வெளியே எடுத்த மேட்ச்

1. கடைசி லீக் மேட்ச்

கார்னரில் வந்த பந்துக்கு எம்பிய இரண்டு பேரின் தலைகள் மோதிய சத்தம், டச் லைனுக்கு வெளியே உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. ரெஃப்ரி கையசைத்துக் கூப்பிட்டார். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அப்போது திண்டுக்கல்லில் ஒரு கால்பந்து கிளப்புக்கு நான் பிசியோதெரபிஸ்ட். மாவட்ட லீக்கில் அந்த சீசனின் கடைசி மேட்ச் அது. ஜெயித்தால் ஏ டிவிஷனுக்குப் போகலாம். ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். கீழே கிடந்தவன் எங்கள் ஸ்டாப்பர் பேக் ஜெரால்டு. உயரமாக வரும் பந்தைத் தலையால் வெளியேற்ற அவனை விட்டால் எங்களிடம் ஆள் இல்லை.

“போன வாரம் யாரோட ஆடினோம், ஜெரால்டு?”

“சின்னாளபட்டியோட.”

சின்னாளபட்டியோடு ஆடியது சீசனின் முதல் மேட்ச்.

சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டேன். சரியாகச் சொன்னான். எழுந்து நேராக நடந்தும் காட்டினான். “எனக்கு ஒண்ணுமில்ல மேடம். விடுங்க.”

கோச் சேவியர் லைனுக்கே வந்துவிட்டார். “அதான் கரெக்டா சொல்றான்ல. இன்னும் செத்த நேரந்தாம்மா மேட்ச். அவன் இல்லன்னா பின்னாடி யாரு நிப்பா?”

எனக்குப் பயமாக இருந்தது. அவர் சொல்வதுதான் சரியோ என்றும் தோன்றியது. ஆனாலும், தலையில் அடிபட்டவன் ஒரு தடவை குழம்பினாலே வெளியே எடுத்துவிட வேண்டும் என்பது விதி. ரெஃப்ரியிடம், “இவர் இனிமே ஆட மாட்டார் சார்” என்றேன்.

மாற்று ஆள் இறங்கினார். அடுத்த கார்னரிலேயே எதிரணி ஆள் ஒருவர் எங்கள் கோல் போஸ்ட்டுக்கு முன்னால் தனியாக எம்பி, தலையால் தட்டி உள்ளே போட்டார். மேட்ச் டிரா. ஏ டிவிஷன் வாய்ப்பு போயிற்று. பஸ்ஸில் யாரும் என்னோடு பேசவில்லை.

2. ஸ்கேன் நார்மல்

ஆஸ்பத்திரியில் ஜெரால்டுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். நார்மல். கிளப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர், “அப்ப ஆடியிருக்கலாமே” என்று போட்டார்.

டாக்டர் சொன்னார்: “உள்ள ரத்தக்கசிவு இல்லைன்னுதான் இதுக்கு அர்த்தம். மூளை அதிர்ந்தது ஸ்கேன்ல தெரியாது. வீட்ல ரெஸ்ட்ல இருக்கட்டும்.”

எனக்கும் அது தெரியும், படித்ததுதான். ஆனாலும் ஜெரால்டுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு பயம். எதுவுமே ஆகாவிட்டால் நான் செய்தது தப்பாகிவிடுமோ என்று இன்னொரு பயம்.

அவன் ரெஸ்ட் எடுக்கவில்லை. வார நடுவிலேயே வேலைக்குப் பஸ் ஏறிவிட்டான். அன்று அவன் மனைவி போன் செய்தாள். “மேடம், காந்திகிராமத்துல இறங்க வேண்டியவரு கொடைரோடு வரைக்கும் போயிட்டாரு. எதுக்கு அங்க வந்தேன்னு தெரியலங்குறாரு.”

நான் சேவியருக்குச் சொன்னேன். அவர்தான் ஒரு காரைப் பிடித்துப் போய், அவனை நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார். வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்திருந்தான்மா. என்னையப் பாத்து, மேட்ச் ஆரம்பிச்சிருச்சான்னு கேக்குறான். அன்னைக்கு நாஞ் சொன்னத நீ கேட்டிருந்தா…”

முடிக்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவனுக்குத் தலைவலி விட ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அடுத்த சீசனில் ஜெரால்டு மறுபடி ஆடினான்.

அதன் பிறகு எத்தனையோ பேரை வெளியே எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கை நடுங்கத்தான் செய்கிறது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, பயம் தெளிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். நடுக்கத்தோடேயே ரெஃப்ரியிடம் சொல்லிவிடுங்கள்.