அரை நூல் உயரம்

விளையாட்டுச் சாமான் கடையின் பின்னறையில் வில் பழுதுபார்க்கும் அந்தப் பெண்ணைக் கடையில் எல்லோரும் பயந்தாங்கொள்ளி என்றே கூப்பிடுவார்கள். பலூன் வெடித்தால் காதைப் பொத்திக்கொள்வாள். குக்கர் விசிலடித்தால் அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அப்படிப்பட்டவள் பிழைப்புக்கென்று பிடித்தது, எந்நேரமும் விறைத்துக்கொண்டு நிற்கிற சக்கரமும் கேபிளும் பூட்டிய காம்பவுண்டு வில்லை. பயத்தினாலேயே ஒவ்வொரு திருகையும் இரண்டு தடவை தொட்டுப் பார்ப்பாள்.

அன்று மத்தியானம் வந்தவள் அவள் கணவனின் அக்கா. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ், லீவு நாளில் வில்வித்தை பழகுகிறவள். அவள் குரல் கேட்டால் வார்டே நிமிர்ந்து உட்காரும். வீட்டிலும் அப்படித்தான்.

“அம்பு வாலாட்டிக்கிட்டே போகுது. என்னன்னு பாரு” என்று வில்லை மேசையில் வைத்தாள்.

சட்டத்தில் காகிதம் மாட்டி, அதற்குள் ஓர் அம்பை விடச் சொன்னாள் இவள். முனை போட்ட ஓட்டைக்கு மேலே இறகு கிழித்துக்கொண்டு போயிருந்தது. வால் தூக்குகிறது என்று அர்த்தம்.

“அம்பு உக்கார்ற தாங்கி கீழ இருக்கு அண்ணி. அரை நூல் ஏத்தினா போதும்.”

அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு ஏற்றினாள். நாணை இழுக்கும்போது அந்தத் தாங்கியைத் தூக்கிவிட ஒரு மெல்லிய கயிறு உண்டு. அது வில்லின் கேபிளோடு ஒரு சின்ன உலோகக் கவ்வியால் பிணைக்கப்பட்டிருந்தது. உயரம் மாறியதால் கவ்வியையும் நகர்த்தி முடுக்கினாள்.

“முழுசா இழுத்துப் பிடிங்க அண்ணி. தாங்கி எழுந்து நின்னாத்தான் உயரம் தெரியும்.”

தட்டினால் நாணை விட்டுவிடும் கைவிசையை மாட்டி அண்ணி இழுத்தாள். இவள் பக்கவாட்டில் குனிந்தாள். அம்பு மட்டமாகத்தான் இருந்தது. நிமிரப் போனபோது கவ்விக்கு அருகில் பூனை முடி மாதிரி ஏதோ சிலிர்த்தது. கேபிளின் ஓர் இழை அறுந்து சுருண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று.

இழுத்த வில்லின் பாரமெல்லாம் அந்தக் கேபிள் மேல்தான். அறுந்தால் வில் சிதறும். அண்ணியின் முகம் அங்கே இருக்கிறது, தன் முகமும். கத்தினால் அண்ணி திடுக்கிட்டு விசையைத் தட்டிவிடுவாள். ஓடினாலும் அதே கதிதான்.

“அண்ணி… விரலை விசையிலேருந்து எடுத்துடுங்க.”

“ஏன், சரியா இல்லையா?”

“சரியாத்தான் இருக்கு. அம்பை விடாம, நாணை மெதுவா முன்னால கொண்டுபோங்க.”

“கை கடுக்குதுடி. டப்புனு விட்டுடறேன்.”

“வேணாம் அண்ணி! உங்க தம்பி மேல சத்தியமா, மெதுவா.”

அண்ணியின் கண் ஒரு கணம் இவள் பக்கம் திரும்பியது. இவள் முகத்தில் என்ன கண்டாளோ, விசையிலிருந்து விரலை எடுத்தாள். கை அங்குலம் அங்குலமாக முன்னே போயிற்று. நடுவழியில் வில்லின் பலம் கையைப் பிடுங்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே தோள் குலுங்கியது, மூன்றாவது இழை தெறித்தது. இவள் கண்ணை இறுக மூடினாள். அவ்விடத்தை விட்டு நகரவில்லை. தைரியமெல்லாம் ஒன்றுமில்லை, கால் வரவில்லை.

“கண்ணைத் திற. முடிஞ்சுது.”

வில் மேசைக்கு வந்ததும் கவ்வியைக் கழற்றினாள். உள்விளிம்பு பிளேடாக இருந்தது.

“நான்தான் அண்ணி இதை இறுக்கினேன். விளிம்பைத் தடவிப் பார்க்கல.”

திட்டு விழும் என்று காத்திருந்தாள். அண்ணியோ அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள்.

“குதிரையாட்டம் ஓடுது. உக்காரு முதல்ல.” சொன்ன கையோடு, தானும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

புதுக் கேபிள் வந்ததும் கவ்வியே வேண்டாமென்று தாங்கியின் கயிற்றை அதோடு நூலால் கட்டினாள். சோதித்துப் பார்க்கும் நாளில் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறேன் என்றாள், அண்ணி விடவில்லை.

“நீ பக்கத்துல நின்னாத்தான் இழுப்பேன்.”

நின்றாள், உள்ளங்கை சொதசொதவென்று வேர்க்க. அம்பு போயிற்று. காகிதத்தில் கிழிசல் இல்லாமல் ஒரே ஓட்டை.

“சரியா?”

“சரி அண்ணி” என்றாள். குரல் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.