பீளமேட்டில் பார்த்த கண்

காலை எட்டேகாலுக்குப் பெருந்துறையில் கோவை பஸ் ஏறினோம். பீளமேட்டுக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல். ஆளுக்கு ஐம்பத்தைந்து ரூபாய். கூட வந்தவர் மரகதம். எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையில் தையல் வேலை. மூன்று வருடங்களுக்கு முன் அவருடைய தகப்பனார் இறந்தபோது, நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுத்தவன் நான். ஆதார் அட்டையில் இருக்கும் கறுத்த முகத்தைத் தவிர, அந்த மனிதருக்கு வேறு படமே கிடையாது. மூடிய கண்ணோடு யாரும் சுவரில் மாட்ட மாட்டார்கள். அதனால் கம்ப்யூட்டரில் கண் திறந்து, சட்டம் போட்டுக் கொடுத்தேன். ஸ்டுடியோக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான்.

போன வாரம் மரகதம் கடைக்கு வந்து செல்போனை நீட்டினார். ஒரு கேமரா கம்பெனியின் விளம்பரம். பேர்பெற்ற போட்டோகிராபர் ஒருவர் அவர்களுடைய புதிய கேமராவில் எடுத்த படமாம். மஞ்சள் பயிர் நிற்கும் காட்டில் ஒரு பெரியவர் நின்றார். செல்போன் திரையில் முகம் நகத்தளவுதான்.

“எங்கய்யன்தானுங்ணா. உசுரோட நிக்கறாரு பாருங்க. எப்பவோ எடுத்திருக்காங்க, எங்களுக்குத்தான் தெரியல. இன்னும் நாலஞ்சு வெச்சிருப்பாங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டு வாங்கிக் குடுங்க. நீங்க குடுத்ததுல அய்யன் பார்வையே இல்லீங்ணா.”

அந்தக் கம்பெனி பீளமேட்டு ஓட்டல் ஒன்றில் ஸ்டுடியோக்காரர்களுக்குக் கூட்டம் நடத்துவதாக எனக்கும் அழைப்பு வந்திருந்தது. அந்தப் போட்டோகிராபரே வந்து பேசுகிறார். நான்கு பேர் முன்னால் வாய் திறக்காத நான் அதனால்தான் கிளம்பினேன்.

அவிநாசி தாண்டியதும் கண்டக்டர் என் பையைத் தட்டினார். “போட்டோக்காரருங்ளா? என்னைய நல்லா ஒண்ணு எடுங்க. பொண்ணு பாத்துட்டு இருக்கறாங்க.”

“எடுக்கலாமுங்க.”

“அசையாம நிக்கோணுமா?”

அசையாதவர்களைத்தான் அதிகம் எடுக்கிறேன் என்று சொல்ல வரவில்லை. சிரித்துவைத்தேன்.

பத்தேகாலுக்குப் பீளமேட்டில் இறங்கினோம். ரோட்டில் கல்லூரிப் பிள்ளைகள், ஹாரன் சத்தம், கண் கூசும் வெயில். ஓட்டல் கூடம் தரைக்குக் கீழே. கதவு சாத்தியதும் ஒரு சத்தம் இல்லை. ஏசியில் விரல் விறைத்தது. சுவரெல்லாம் கறுப்புத் துணி. அதில் முகங்கள் மட்டும், ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு. நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் மரகதத்தின் தகப்பனார். மரகதம் வாயைப் பொத்திக்கொண்டு அருகில் போனார். நானும் போனேன். போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

இரண்டு விழிகளிலும் வெள்ளையில், மூக்குப் பக்கமாக, ஒரு பழுப்புப் புள்ளி.

அது என் வலது கண். கண் திறக்கிற வேலைக்காக ஒருநாள் அதை நானே படம் எடுத்துவைத்தேன். ஒரு பக்கம் அப்படியே ஒட்டுவேன். மறுபக்கத்துக்குத் திருப்பி ஒட்டுவேன். புள்ளியை அழிக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அப்படிக் கண் திறந்த மரகதத்தின் தகப்பனார் படத்தைத்தான் கண்ணீர் அஞ்சலி பேனருக்காகப் பிளக்ஸ் கடைக்கும் கொடுத்தேன். பிறகு எத்தனை கை மாறியதோ! இப்போது அந்த முகத்துக்குப் புதுச் சட்டை போட்டு, காட்டில் நிறுத்தியிருக்கிறார்கள்.

பதினொன்றுக்குப் போட்டோகிராபர் மேடையேறி அந்தப் படத்தைக் காட்டினார். “இவரோட ரெண்டு நாள் இருந்தேன். அதிகம் பேசல. எல்லாமே கண்ணுல இருந்துச்சு. இந்தக் கேமரா அந்த உயிரைப் பிடிச்சிருச்சு.”

எல்லோரும் கைதட்டினார்கள். மரகதம் என் முழங்கையை இடித்தார். “கேளுங்ணா.”

எழுந்தேன். “ஏனுங்க, இது எப்ப எடுத்ததுங்க?”

“இந்த வருஷம்தான். கேமராவே இப்பதானே வந்துச்சு?”

மரகதம் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “ஏனுங்ணா,” என்றார் மெதுவாக. “அப்ப அய்யன் இன்னும் காட்டுலதான் திரியறாருங்ளா?”

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் போட்டோகிராபர் கேமராவை என் பக்கம் திருப்பினார். “கேள்வி கேட்டவரையே காட்டறேன் பாருங்க. எங்க திரும்பினாலும் இது கண்ணை விடாது.” படத்துக்குப் பக்கத்துத் திரையில் என் முகம் வந்தது. பச்சைக் கட்டம் ஒன்று என் வலது கண்ணில் உட்கார்ந்தது. தலையைத் திருப்பினேன், கூடவே வந்தது. அவர் அதைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார். சுவரளவு கண், அதில் பழுப்புப் புள்ளி.

மரகதம் திரையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அப்ப மூணு வருசமா எங்கூட்டுல என்னையப் பாத்துட்டு இருந்தது நீங்களுங்ளா?”

ஆமென்று தலையை ஆட்டினேன். திரையிலிருந்த கண்ணும் ஆடியது.

ஒன்றரை மணிக்குத் திரும்பும் பஸ் கிடைத்தது. மரகதம் முன்னால் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தார், திரும்பவே இல்லை. பெருந்துறை நெருங்க நெருங்க ரோட்டோர வீடுகள் தெரிந்தன. திறந்த கதவுகளுக்குள் மாலை போட்ட படங்கள். எந்தெந்த வீட்டுக்கு நான் கண் திறந்து கொடுத்தேன் என்று நினைவில்லை. முகத்தை ஜன்னலிலிருந்து திருப்பிக்கொண்டேன்.

இறங்கியதும் மரகதம் நின்றார்.

“நாளைக்கு அந்தப் படத்தக் கொண்டாரேனுங்ணா. கண்ண மூடிக் குடுத்துப்போடுங்க.”