அப்பாவுக்கு வயிறு, அத்தைக்கு மூளை

ரத்தக்குழாய் வியாதியோடு வருகிறவர்களிடம், “உங்க வீட்டுல வேற யாருக்கு என்ன?” என்று கேட்பதுதான் என் உத்தியோகம். சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மரபணு ஆலோசகர். கல்யாணத் தரகர்கூட இத்தனை குடும்பக் கதை கேட்டிருக்க மாட்டார். மாத்திரை டப்பாவோடு குடித்தனம் நடத்தும் உங்களில் பலருக்கு நான் சொல்வது புதிதாக இருக்காது.

ஆளுக்கொரு வியாதி

பெரியசாமி சேத்தியாத்தோப்புப் பக்கம் கரும்பு விவசாயி. முதுகுவலி என்று ஸ்கேன் எடுத்ததில், வயிற்றிலுள்ள பெரிய ரத்தக்குழாய் பலூன்போல உப்பியிருந்தது தெரிந்தது. வெடித்தால் உயிர் தங்காது. நல்லவேளை, நேரத்தோடு ஆபரேஷன் நடந்து பிழைத்துக்கொண்டார்.

அவர் தேறி உட்கார்ந்ததும் என் கேள்வியை ஆரம்பித்தேன். அப்பா திடீர் வயிற்றுவலியில் போனவர். அத்தைக்கு மூளையில் ரத்தக்கசிவு. அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வயலிலேயே சாய்ந்தவர். எல்லாம் சொல்லிவிட்டுப் பெருமையாக முடித்தார்: “பாத்துக்குங்க மேடம், எங்க வூட்ல ஒருத்தருக்கு வந்த நோவு இன்னொருத்தருக்கு வந்ததே இல்ல!”

சம்பந்தி வீடு

உறுப்புகள்தான் வேறு வேறு, கோளாறு ஒன்றுதான். ரத்தக்குழாய்ச் சுவருக்கு உறுதி தரும் மரபணுவில் ஓர் எழுத்துப்பிழை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அது அப்பா வழியில் பெரியசாமிக்கு வந்திருந்தது. கூடப் பிறந்தவர்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்பதால், மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அவர் தங்கை சரோஜாவைக் கூப்பிட்டோம். வரவில்லை. நானே போனேன்.

காபி கொடுத்தார், ரத்தம் கொடுக்க மாட்டேன் என்றார். மகள் ரேவதிக்குத் திட்டக்குடியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். “நீங்க பாட்டுக்கு ஏதாச்சும் இருக்குன்னுட்டா, சம்பந்தி வூட்ல நான் என்னான்னு சொல்றது?” என்றார். அவர் பயம் நியாயமானதுதான். உள்ளேயிருந்து வந்த ரேவதிதான் பேசினாள்: “பெரிய மாமாவ வயல்லேருந்து தூக்கியாந்தது மறந்துபோச்சாம்மா? கெளம்பு, ரெண்டு பேருமே குடுப்போம்.”

மாப்பிள்ளை வந்தார்

இருவருக்குமே அந்தப் பிழை இருந்தது. சரோஜாவுக்கு நெஞ்சுக்குள் ரத்தக்குழாய் லேசாக விரிந்திருந்தது. பிரஷர் ஏறாமல் பார்த்துக்கொள்ள மாத்திரை கொடுத்தார்கள். ரேவதிக்குக் குழாய்கள் நன்றாகவே இருந்தன. வருஷா வருஷம் ஸ்கேன், பிள்ளைப்பேறு சமயத்தில் கூடுதல் கவனம், அவ்வளவுதான். ஆனால் சரோஜா, “நான்தானே இவளுக்குக் குடுத்தேன்” என்று அழுதார். “உங்க பெரிய அண்ணனுக்கு யாரும் முன்னாடியே சொல்லல. உங்களுக்குச் சொல்லியாச்சு. அந்த வித்தியாசம் போதும்மா” என்றார் டாக்டர்.

ரேவதி எதையும் மறைக்கவில்லை. மாப்பிள்ளை செந்திலையே கையோடு கூட்டிவந்து என் எதிரில் உட்காரவைத்தாள். படம் போட்டு விளக்கினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “ஒழுங்கா பாத்துக்கிட்டா நல்லா இருப்பாங்களா?” தவறாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் பயமில்லை என்றேன். தலை முதல் வயிறுவரை எடுக்கும் ஸ்கேனுக்குப் பாண்டிச்சேரி போகவேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். சரோஜா அவர் முகத்தையே பார்த்தார். செந்தில் சிரித்துவிட்டார்: “பாண்டிக்கு எதுக்குப் போறேன்னு எங்கம்மா கேட்டா, இனிமே தைரியமா பதில் சொல்லலாம் அத்த!”

நிலத்தில் பங்கு கேட்டுக் கோர்ட்டுக்குப் போகும் நம் ஜனங்கள், நோயில் பங்கு உண்டா என்று கேட்டும் வர ஆரம்பித்துவிட்டால், என் உத்தியோகத்துக்கு ஓய்வே கிடைக்காது. அப்படி ஆகவேண்டும் என்பதுதான் என் பேராசை.