சுறா மார்க் தீப்பெட்டி எந்த ஊரில் விற்கும்?

1. லேபிள் முதலில், ஊர் பிறகு

தீப்பெட்டி ஆபீசில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒரு சுறாவால் என் வேலை போகப் பார்த்தது. கோவில்பட்டியில் கடல் கிடையாது. பல வருஷம் மழையே கிடையாது. அப்புறம் சுறா எப்படி வந்தது என்பதை, ஏற்றுமதி செக்‌ஷனுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்காக எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் உள்ளே இருக்கும் குச்சியைவிட மேலே ஒட்டும் லேபிளுக்குத்தான் மவுசு. பக்கத்து யூனிட்காரர் திமிங்கில மார்க் போட்டு நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் முதலாளி அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. பெயின்டரைக் கூப்பிட்டார்.

"திமிங்கிலம் சும்மால்லா கெடக்கு. நம்மது ஏதாவது செய்யணும். ஒரு சுறாவைப் போடு. வாயில ஒரு ஆளை வையி."

பெயின்டர் சுறாவைக் கருவாடாக மட்டுமே பார்த்தவர். இருந்தும் அருமையாக வந்தது. சுறா வாய்க்குள் இடுப்புவரை ஒருவன். இரண்டு கையும் மேலே. சிவகாசியில் அச்சாகி, கட்டுக் கட்டாக வந்து இறங்கிய பிறகுதான் தூத்துக்குடி ஏஜெண்டுக்கு மாதிரி அனுப்பினோம். உடனே போன் வந்தது.

"அண்ணாச்சி, சரக்கு தென்னாப்பிரிக்கா டர்பனுக்குப் போவுது. அங்கன சுறாவுக்குப் பயந்து கடல்ல வலை கட்டித்தான் ஆளுகளைக் குளிக்க விடுதாவ. கடற்கரைக் கடையில இதை வச்சா எவன் வாங்குவான்?"

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஏலே, நீ காலேஜ்ல பூகோளந்தான படிச்ச? சுறா கடிக்காத ஊரா ஒண்ணு பார்த்துச் சொல்லு. இல்லைன்னா எக்ஸ்போர்ட்டும் வேண்டாம், எக்ஸ்போர்ட் கிளார்க்கும் வேண்டாம்."

அம்மாவும் அக்காவும் கூலிக்குத் தீக்குச்சியைக் கட்டையில் அடுக்கி என்னைப் படிக்கவைத்தவர்கள். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை எங்கள் வீட்டுக்கு அதுதான் முதல். லைப்ரரிக்கு ஓடினேன்.

2. கடிக்கும் ஊர்கள்

உலகப் படத்தைச் சுவரில் ஒட்டிச் சிவப்புப் புள்ளி வைத்தேன். அண்ணாச்சி டீயோடு வந்து நின்றார்.

"ஆஸ்திரேலியா?"

"கடிக்கும் அண்ணாச்சி. பலகையில படுத்து அலையில வாரவனை, கீழ இருந்து பார்த்தா கடல்நாய் மாதிரி தெரியுமாம்."

"அமெரிக்கா?"

"ஃபுளோரிடாவில அடிக்கடி கடிக்கும். ஆனா பெரும்பாலும் ஒரு கடி கடிச்சிட்டு விட்டுருமாம்."

"ருசி பிடிக்கலையோ? நம்ம தூத்துக்குடியில?"

"முங்கிச் சங்கு எடுக்கவங்களைக்கூட அவ்வளவாத் தொடாதாம்."

"எப்படித் தொடும்? நாமதான் அதைப் புட்டு வச்சுத் தின்னுதோமே. பயந்துட்டுல்லா கெடக்கும்! ஏலே, கடலே இல்லாத ஊரா ஒண்ணு சொல்லு."

உகாண்டாவில் விரலை வைத்தேன். அண்ணாச்சி ஏஜெண்டுக்குப் போன் போட்டார்.

"உகாண்டாவுல பார்ட்டி உண்டு அண்ணாச்சி," என்று இழுத்தார் ஏஜெண்ட். "ஆனா அங்கன முதலை கடிக்கும்."

"நாம என்ன முதலை மார்க்கா போட்டிருக்கோம்? ஏத்துமய்யா!"

3. உகாண்டா சொன்னது

சரக்கு போய்ச் சேரும்வரை போன் மணி அடித்தால் நான்தான் முதலில் ஓடிப்போய் எடுப்பேன். கடைசியில் ஏஜெண்ட் பேசினார். ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்டோம்.

"சரக்கு நல்லாப் போவுதாம் அண்ணாச்சி. தண்ணியில முங்கினவனை ஒரு நல்ல மீனு கவ்விக் கரை சேர்க்குதுன்னு நெனைச்சிருக்காவ. அவன் கையைத் தூக்கி நன்றி சொல்லுதானாம். மறு ஆர்டர் கேக்காவ. மீனுக்கு மட்டும் கொஞ்சம் சிரிச்ச முகம் வேணுமாம்."

அண்ணாச்சி என்னைப் பார்த்து, "நாளைக்கு நேரத்தோட வந்துரு" என்றார். என் வேலை தப்பியது. பெயின்டர் தலையைச் சொறிந்தார்.

"பல்லை எல்லாம் எடுத்துரவா அண்ணாச்சி?"

"எதுக்குடே? சிரிச்சாப் பல்லு தெரியத்தான செய்யும்."

இப்போது எந்த லேபிளையும் அச்சுக்கு அனுப்பும் முன், சரக்கு போகிற ஊர்க்காரர் ஒருவரிடம் படத்தைக் காட்டி, 'இதில் என்ன நடக்கிறது?' என்று கேட்டுவிடுகிறேன். நீங்களும் கேளுங்கள். நாம் என்ன வரைந்தோம் என்று மட்டும் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.