எட்டடியா, ஆறடியா: கௌதள்ளியிலிருந்து மைசூருக்கு ஒரு நாள்

பாப்பு, நீ எழுதிவந்த இந்தப் பயணப் பக்கத்தில் இன்று நான் எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்கு: நான் இவளுடைய அம்மா, ஏழாவது வரை படித்தவள். மைசூரில் கட்டடக்கலை படித்த என் மகள் போன ஆடியில் காய்ச்சலில் இறந்துவிட்டாள். அவள் வரைந்துவைத்த துணிப்பந்தலைக் கல்லூரி முற்றத்தில் கட்டப்போகிறார்கள். தைக்கக் கொடுப்பதற்கு முன் ஒருதடவை வந்து பார்க்கச் சொல்லி அவள் தோழி ரேகா கூப்பிட்டாள். சென்ற வியாழக்கிழமை கிளம்பினேன்.

கௌதள்ளியில் காலை 5.50க்குப் பஸ். கொள்ளேகால் 45 கிலோமீட்டர், அங்கிருந்து மைசூர் 60. கர்நாடக அரசு பஸ்ஸில் பெண்கள் ஆதாரைக் காட்டினால் காசில்லை. 9.40க்கு இறங்கினேன். ஆட்டோக்காரர் தமிழர்தான், நூற்றிருபது கேட்டார். குறைக்கச் சொன்னேன்.

"பஸ்ல ஓசியில வந்துட்டு எங்கிட்ட பேரம் பேசுறீங்களேக்கா."

"மிச்சம் புடிச்சத அப்படியே உங்ககிட்ட குடுக்கணுங்களா?"

நூறுக்கு வந்தார்.

கல்லூரியில் ரேகா கம்ப்யூட்டரில் காட்டினாள். ஆள் தலைக்கு மேலே பத்தடி அகலத்தில் இரண்டு வளையங்கள், ஒன்றுக்கு மேல் ஒன்று, நடுவே எட்டடி உயரத்துக்குத் துணி. அது மீன்வலை மாதிரி கண்ணி கண்ணியாகத் தெரிந்தது. தட்டிவிட்டால் ஒவ்வொரு முடிச்சும் பக்கத்து முடிச்சை இழுத்து, எவ்வளவு குறைந்த துணியில் நிற்க முடியுமோ அந்த வடிவத்துக்கு வருமாம். அப்போதுதான் எல்லாப் பக்கமும் ஒரே இறுக்கம், சுருக்கம் விழாது. பாப்புவின் வலை நிற்கவில்லை. இடுப்பு சிறுத்துக்கொண்டே போய் நூலாகி அறுந்தது.

"அவ கையால வரஞ்சது மட்டுந்தாம்மா. இதுல ஓட்டிப் பாக்கறதுக்குள்ள..." ரேகா நிறுத்திக்கொண்டாள். "நடுவுல இன்னொரு வளையம் போட்டா எட்டடி நிக்கும். இல்லன்னா ஆறடியா எறக்கணும். அவ படத்துல நான் எப்படிம்மா கைவெக்கறது? நீங்க சொல்லுங்க."

 எனக்குப் புரியட்டும் என்று ரேகா வாளியில் சோப்புத்தண்ணீர் கரைத்து, இரண்டு கம்பி வளையங்களைக் கையில் கொடுத்தாள். முக்கி எடுத்து மெல்லப் பிரித்தேன். சோப்புத்தோல் இடுப்பு வளைந்து நின்றது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன், உடைந்தது. பதினைந்து தடவையாவது உடைத்திருப்பேன். பிறகு உடைவதற்கு முன்னாலேயே கை நின்றது. படத்தில் பாப்பு வரைந்திருந்த அதே வளைவு.

"ஆறடியே வெச்சிரு கண்ணு. நடுவுல ஒண்ணும் வேண்டாம்."

ரேகா எண்ணை மாற்றித் தட்டினாள். வலை குலுங்கியது, சுருங்கியது, நின்றது. ரேகாதான் அழுதாள். எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது. கேன்டீனில் பிசிபேளாபாத் ஐம்பது ரூபாய், தாராளமாக வைக்கிறார்கள்.

தைத்துக் கட்ட ஐந்து வாரம் ஆகும். பார்க்கப் போகிறவர்கள் வாசலில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போகலாம். எங்கள் பக்கம் திரும்புகிறவர்கள் மூன்று மணிக்கே பஸ் ஏறுங்கள், கொள்ளேகாலில் ஆறுக்கு மேல் பஸ் குறைவு. வெயில் நேரத்தில் போய் அதன் கீழே கொஞ்சம் உட்காருங்கள்.

கம்ப்யூட்டரில் பார்த்தவரை ஆறடியிலும் நன்றாகத்தான் இருக்கிறது, பாப்பு. மேலே என்ன கண்ணில் படும் என்று நினைத்து அவ்வளவு உயரம் வைத்தாய்?