ஏலக்காய் மணத்த சிவப்புச் சட்டைகள்

என் மதினி ஜீப்பிலிருந்து இறங்கியபோது அவள் இடுப்பில் ஒரு துணிமூட்டை இருந்தது. பழைய போர்வையில் கட்டிய மூட்டை. மழை விட்டிருந்த சனிக்கிழமைச் சாயங்காலம். லயத்து வரிசைவீட்டு வாசல்களில் நின்றிருந்த நாங்கள் எல்லோரும் அவளைப் பார்க்கவில்லை, மூட்டையைத்தான் பார்த்தோம். அதற்குள் எங்கள் எஸ்டேட் கால்பந்து டீமின் சிவப்புச் சட்டைகள் பதினொன்றும் இருந்தன. மறுநாள் எங்கள் மைதானத்தில் ஓணக் கோப்பையின் இறுதி ஆட்டம். அந்தச் சட்டைகளைத் தூக்கிக்கொண்டு மத்தியானமே யாரிடமும் சொல்லாமல் போனவள் போய்வந்த இடமோ, நாங்கள் மறுநாள் மோதவேண்டிய எதிரி எஸ்டேட். அது அவள் பிறந்த ஊர்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. உடும்பஞ்சோலைக்கு மேலே இருந்தது எங்கள் தேயிலை எஸ்டேட். மலையின் மறுபக்கம், ஜீப்பில் ஒரு மணி நேரம் கீழே போனால் மதினியின் ஏலத்தோட்டம். நாங்கள் சிவப்பு, அவர்கள் பச்சை. என் மகன் இப்போது கடல்தாண்டி இருக்கும் ஏதோ ஒரு கிளப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அது தோற்ற அன்றைக்குச் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்கிறான். "அந்த ஊரை நீ பாத்திருக்கியாடா?" என்றால் இல்லை. "அங்கே யாரையாவது தெரியுமா?" தெரியாது. ஒரு நாள் அவனே என்னிடம் கேட்டான், "நீங்க எல்லாம் எப்படிம்மா டீமைத் தேர்ந்தெடுத்தீங்க?" என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேர்ந்தெடுப்பதா? அப்பா அம்மாவைத் தேர்ந்தெடுத்தோமா என்ன?

எந்த எஸ்டேட்டில் வேலையோ அந்த டீம், அவ்வளவுதான் எங்கள் சட்டம். என் அப்பா கம்பத்துப் பக்கம் வயல்வேலை செய்தவர். மலையேறி வரும்வரை கால்பந்தைக் கண்ணால் பார்த்தவரில்லை. வந்த புதிதில் யாரோ ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போனார்களாம். பந்தைக் கையால் தொடக்கூடாது என்பதே தெரியாத மனுஷன், பாதி ஆட்டம் முடிவதற்குள் ரெஃப்ரியின் குடும்பத்தையே திட்ட ஆரம்பித்துவிட்டார் என்று அம்மா சொல்வாள். எங்கள் எஸ்டேட்டில் சமதரை என்று இருந்தது அந்த மைதானம் ஒன்றுதான். அதிலும் ஒரு பக்கம் தேயிலைச் சரிவு. பந்து அந்தப் பக்கம் உருண்டால் தேடி எடுத்துவரும்வரை ஆட்டம் நிற்கும், ஆட்டக்காரர்கள் பீடி பிடிப்பார்கள். புல்லெல்லாம் அட்டை. ஓடுகிறவன் தப்பித்துவிடுவான், நின்ற இடத்திலேயே நிற்கிற கோல்கீப்பர் பாடுதான் பாடு. எங்கள் கோல்கீப்பர் என் அண்ணன், மதினியின் புருஷன். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் காலில் உப்புப் போட்டு அட்டைகளை உதிர்ப்பது என் வேலை.

ஆண்களுக்குச் சட்டம் சுலபம். கல்யாணமாகி வரும் பெண்கள் கதை வேறு. வேறு எஸ்டேட்டிலிருந்து வாழவந்த மருமகள் முதல் ஆட்டத்தன்று எங்கே உட்காருகிறாள், யாருக்குக் கத்துகிறாள் என்று லயம் முழுக்கக் கவனிக்கும். பெரும்பாலும் வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்து, ஒன்றிரண்டு வருஷத்தில் எங்கள் ஆட்களாகிவிடுவார்கள். மதினிக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாது. நல்ல உயரம், கணீரென்ற குரல், மனசில் வந்தது அப்படியே வாயில் வந்துவிடும். கொழுந்து எடுக்கும்போது நாலு வரிசை தள்ளி நின்று அவள் பேசினாலும் பக்கத்தில் நிற்பதுபோல் கேட்கும். எங்கள் டீம் வேறு எஸ்டேட்டோடு ஆடினால் அவளைவிட ஒருவரும் சத்தமாகக் கத்தமுடியாது. கோலை விட்டு வெளியே அடித்த ஒரு பையனை, "ஏய், சோறு திங்கலையா? நான் வந்து அடிக்கவா?" என்று கேட்டு மைதானத்தையே சிரிக்கவைத்தாள். ஆனால் அதே வாயால், கீழேயிருந்து வரும் லாரிக்காரரை நிறுத்தி, "அண்ணே, எங்க ஊரு ஜெயிச்சுருச்சா?" என்றும் கேட்பாள். அவள் தம்பிதான் பச்சை டீமின் முன்வரிசை ஆட்டக்காரன்.

என் அம்மாவுக்கு இது தொண்டையில் சிக்கிய முள். அம்மா கோபக்காரி, அதிலும் கணக்கான கோபக்காரி. எதற்குக் கோபப்படுகிறோம் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும். "எங்க ஊரு, எங்க ஊருங்கிறாளே, அப்ப இது யாரு ஊரு? இங்க திங்கிறது யாரு சோறு?" என்று அண்ணனிடம் கேட்பாள். வீட்டிலும் அவன் கோல்கீப்பர்தான், இரண்டு பக்கமும் வருவதைத் தடுத்துக்கொண்டு நிற்பான். அந்த வருஷம் ஓணக் கோப்பையில் எங்கள் டீமும் மதினியின் ஊர் டீமும் இறுதி ஆட்டத்துக்கு வந்ததும் அம்மா தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். "ஏம்மா, நல்லாக் கேட்டுக்க. நம்ம டீமுக்குக் கத்துறதுன்னா மைதானத்துக்கு வா. இல்லன்னா வீட்டைப் பாத்துக்கிட்டு இரு. ரெண்டு பக்கமும் கத்துறவ எங்கூட உக்காரக்கூடாது."

மதினி சும்மா இருந்திருக்கலாம். சரி அத்தை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். "எனக்குப் பொய் சொல்ல வராது அத்தை. உங்க மகனும் ஜெயிக்கணும், எந் தம்பியும் கோல் போடணும். இதுல யாருக்கு என்ன நட்டம்?" என்றாள். பிறகு கொல்லைப்பக்கம் போய் அழுதாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "ஆட்டத்தை விடு புள்ள, அது போனாப் போகுது. ரெண்டு வருஷமா இந்த வீட்டுல இருக்கேன், இன்னும் என்னைய வெளியாளாத்தான் பாக்குறாகளே" என்றாள். அவளுக்கு வலித்தது அதுதான்.

டீம் சட்டைகளைத் துவைத்துக் கொடுப்பது கோல்கீப்பர் வீட்டுப் பொறுப்பு என்பது எங்கள் எஸ்டேட்டு வழக்கம். எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. மதினி வந்ததிலிருந்து அவள்தான் துவைத்தாள். மழைக்காலத்தில் மலையில் துணி காயாது. அண்ணன் வேலைபார்த்த தேயிலை பேக்டரியின் மேல்மாடியில், கொழுந்து வாட்டுகிற வெதுவெதுப்பில் சட்டைகளை விரித்துவிட்டு வருவோம். எங்கள் டீம் சட்டையில் எப்போதும் பச்சைத் தேயிலை வாடை அடிக்கும். அந்த வாரம் பார்த்து மழை விடாமல் பெய்தது. கொழுந்து வந்து குவிந்து மாடியில் கால்வைக்க இடமில்லை. "கொழுந்துக்கே எடமில்ல, இதுல சட்டையா?" என்று பேக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீ மேக்கர் விரட்டிவிட்டார். அடுப்புக்கு மேலே கட்டிப் பார்த்தோம். ஒரு சட்டையின் கை கருகியதுதான் மிச்சம். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது கொடியில் சட்டைகளும் இல்லை, வீட்டில் மதினியும் இல்லை.

ஒருமணி ஜீப்பில் மூட்டையோடு ஏறியதைப் பார்த்தேன் என்று கடைக்காரர் சொன்னதும் லயமே கொதித்துவிட்டது. டீம் கேப்டனாக இருந்த எஸ்டேட் டிரைவர் எங்கள் வாசலுக்கு வந்து அண்ணனைப் பார்த்துக் கத்தினார். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் மதினி வந்து இறங்கியதும் அத்தனை பேரையும் பார்த்து ஒரு நிமிஷம் மிரண்டுதான் போனாள். பிறகு மூட்டையை அவிழ்த்தாள். பதினொரு சட்டையும் மொறுமொறுவென்று காய்ந்து, மடித்து அடுக்கியிருந்தன. கூடவே குப்பென்று ஏலக்காய் மணம். அவள் ஊரில் அப்போது காய் எடுப்புக் காலம். காய் உலர்த்துகிற ஸ்டோரில் பகலும் இரவும் விறகு எரியும். அந்தச் சூட்டில் கொண்டுபோய்க் காயவைத்திருக்கிறாள். அங்கே யாரும் மறுப்புச் சொல்லவில்லையா என்று நான் கேட்டேன். "சொல்லாம இருப்பாகளா? ஆனா எந் தம்பிதான் சட்டையெல்லாம் வாங்கி விரிச்சான். ஈரச் சட்டையோட நடுங்குறவங்கள ஜெயிச்சு எங்களுக்கு என்னக்கா பெருமைன்னு கேட்டான்" என்றாள்.

கேப்டன் அதையெல்லாம் கேட்கிற நிலையில் இல்லை. ஒரு சட்டையை எடுத்து முகர்ந்தார், கீழே போட்டார். மருந்து வைத்திருப்பார்கள், இதைப் போட்டால் கால் விளங்காது என்று யாரோ பின்னாலிருந்து சொன்னதும் எல்லோரும் இரண்டடி தள்ளி நின்றார்கள். செய்வினைக்கு ஏலக்காய் போடுவார்களா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அப்போது அண்ணன் குனிந்து கீழே கிடந்த சட்டையை எடுத்து உதறி, அங்கேயே போட்டுக்கொண்டான். அவன் செய்தது அவ்வளவுதான். மறுநாள் மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொண்டார்கள். வேறு சட்டை கிடையாதே.

ஞாயிற்றுக்கிழமை மதினியை வா என்றும் அம்மா சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அவள் எங்கள் பின்னாலேயே நடந்து வந்து, மேட்டில் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் கடைசியாக உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பாதி ஆட்டம்வரை அவளிடமிருந்து சத்தமே வரவில்லை. அவள் கத்தாததில் எங்கள் டீமுக்கே ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. இடைவேளைக்குப் பிறகு அவள் தம்பி நடுவிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு வந்தான். ஒருவனைத் தாண்டினான், கேப்டனைத் தாண்டினான், எதிரே அண்ணன் மட்டும். அண்ணன் வலது பக்கம் பாய்ந்தான், பந்து இடது பக்கம் போனது. எங்கள் மேடு சவக்களை பூண்டது. அந்த அமைதியில் நீளமாக ஒரு விசில் கேட்டது. மதினி எழுந்து நின்று இரண்டு விரலை வாயில் வைத்து அடித்துக்கொண்டிருந்தாள். அடித்து முடித்தபிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

கேப்டன் பெண்சாதி அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டி, "பாத்தியா? சட்டையில மருந்து வச்சவளக் கூட்டிக்கிட்டு வந்து நடுவுல உக்கார வச்சிருக்கியே!" என்றாள். அம்மா எழுந்தாள். மதினியின் தலைமுடியைப் பிடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். "யாருடி மருந்து வச்சது? எம் மருமகளா? ரெண்டு வருஷமா மூணு வேளையும் அவ கையால திங்கிறேன். மருந்து வைக்கிறவளா இருந்தா மொதல்ல எனக்கில்ல வச்சிருப்பா!" என்றாள் அம்மா. யாரோ சிரித்துவிட்டார்கள். அம்மா விடவில்லை. "தம்பி கோல் போட்டான், அக்காக்காரி விசில் அடிச்சா. ஒந் தம்பி போடட்டும், நீயும் அடி. யாரு வேணாம்னா?" என்று சொல்லிவிட்டு, மதினியின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். மருமகளைத் திட்டும் உரிமையை அம்மா யாருக்கும் பங்கு கொடுத்ததில்லை என்று அப்பா பிற்பாடு கேலி செய்வார். இருக்கலாம். எனக்கு அன்றைக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். மதினி போட்ட கூச்சலில் ரெஃப்ரி திரும்பிப் பார்த்தார். கடைசியில் அவர்கள் இன்னொன்று போட்டு ஜெயித்தார்கள். மதினி தேம்பித் தேம்பி அழுதாள். தம்பி கோப்பையைத் தூக்கிக்காட்டியபோது அழுதுகொண்டே சிரித்தாள். இரண்டுமே நிஜம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கேப்டன் ஒரு வாரம்வரை மருந்து மருந்து என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த மழைக்கு அவரே வந்து, "சட்டையக் காயவைக்கக் கீழ போறியாம்மா?" என்று மதினியிடம் கேட்டார்.

என் மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப அத்தை எந்த டீம்?" என்று அவன் விடாமல் கேட்கிறான். அவனுக்கு ஒரு சட்டை, ஒரு கிளப். அதுவும் நல்லதுதான், அவன் பாட்டுக்குச் சந்தோஷமாக இருக்கிறான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கிளப் ஜெயிக்கவேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். அந்தப் பெயர் என் வாயில் நுழையாது. மகன் சிரிக்கவேண்டும், எனக்கு அது போதும். பார்த்தால், எங்கள் அம்மாவுக்கும் இப்படித்தான் நடந்திருக்கிறது.

அடுத்த வருஷம் எங்கள் டீம் முதல் சுற்றிலேயே தோற்று வெளியே வந்துவிட்டது. மதினியின் ஊர் மறுபடியும் இறுதி ஆட்டத்துக்குப் போனது. ஏலப்பாறைப் பக்கத்து டீம் ஒன்றோடு மோதல், ஆட்டம் மதினியின் ஊரில். போகவேண்டும் என்று மதினி கேட்கத் தயங்கிக்கொண்டிருந்த காலையில், அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அங்கே போனதும் பச்சைச் சட்டைக்காரர்கள் விழுந்தபோதெல்லாம் ரெஃப்ரியை அவள் திட்டிய திட்டு கொஞ்சமல்ல. பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் வியந்துபோய், "உங்கள இங்க பாத்ததில்லையே. நீங்க எந்த எஸ்டேட்டும்மா?" என்று கேட்டாள். அம்மா மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மதினியைக் கைகாட்டினாள்.

"இவ எஸ்டேட்டு."